பேசும் பொம்மையின் உதடு

அக்கா மகள் யாழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசக் கற்கிறாள்.

இன்று பூதலூர் பயிற்சி மையத்தில் டேப்லெட் கொடுத்தார்கள். அதில் ஒரு பொம்மை முகம் பேசிக் காட்டும்.

குரல் ‘அப்பா’ என்றது. ‘ப்பா’வுக்கு மூட வேண்டிய பொம்மையின் உதடு மூடவே இல்லை. கீழுதட்டைக் கடித்து ‘ஃபாதர்’ என்று அசைந்தது. ஆங்கிலப் பொம்மைக்குத் தமிழ்க் குரலை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள்.

போன வாரம்தான் ‘அப்பா’ சொல்லப் பழகிய பிள்ளை, கூட வந்திருந்த தன் அப்பாவைப் பார்த்துக் கீழுதட்டைக் கடித்தாள்.

“வாய்ஸ் சுத்தத் தமிழ்ங்க தம்பி, நல்லாத்தானே கேக்குது?” என்றார் டேப்லெட்டைக் கொண்டுவந்த அதிகாரி என்னிடம்.

“உங்களுக்குக் கேக்குது சார். அவளுக்குக் கேக்காதுன்னுதானே இதைக் குடுக்குறீங்க?”

பதிலுக்கு ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி: ‘ஒலி தெளிவாக உள்ளதா?’

பிள்ளையையே கேட்டு எழுதிவிடவா, நண்பர்களே?