எதிரே வைத்த இரண்டு அட்டைகள்

இன்னும் கடைக்கு வராத பொருளைப் பற்றி வீடு வீடாகப் போய் அபிப்பிராயம் கேட்பது அவள் வேலை. பொருளின் படமும் நாலு வரி விளக்கமும் அச்சடித்த அட்டையை நீட்டி, இது வந்தால் வாங்குவீர்களா என்பாள். அதனால் தெருக்களில் அவளுக்கு அட்டைக்கார அக்கா என்று பேர். பாதிப் பேர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். அதற்கெல்லாம் அவள் அசரமாட்டாள்.

ஒரே பொருளுக்கு இரண்டு மாதிரி அட்டைகள் வந்தால், ஒருவருக்கு ஓர் அட்டைதான் காட்டவேண்டும் என்று அலுவலகத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். ஒரே ஆளிடம் இரண்டையும் காட்டி எது பிடித்தது என்று கேட்டால் அலைச்சல் பாதியாகுமே என்று மேலாளர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்.

"சார், ரெண்டை எதிர்ல வச்சா எதையாவது ஒண்ணைத் தொட்டுத்தான் தீருவாங்க. ரெண்டுமே வேண்டாம்னு சொல்ல வாய் வராது. கேக்குறவங்க மனசு நோகக் கூடாதேன்னு பாப்பாங்க."

போன தடவை அப்படி ஜெயித்த சோப்பு கடைகளில் தேங்கிக் கிடந்ததையும் நினைவுபடுத்தினாள். மேலாளர் இறங்கி வந்தார்.

இவ்வளவு தெரிந்தவள்தான் வீட்டில் அப்படிச் செய்தாள்.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு ஒரு கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு குழறும். அவள் வேலைக்குப் போன நேரத்தில் கட்டிலிலிருந்து விழுந்து, மாலைவரை தரையிலேயே கிடந்தார். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. தன் வீட்டில் இடமில்லை என்று கையை விரித்த அண்ணன், இரண்டு முதியோர் இல்லங்களின் படங்களைக் கொண்டுவந்து கொடுத்து அவளையே கேட்கச் சொன்னான். அவள் கேட்டால் அப்பா மறுக்கமாட்டாராம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே கேட்டாள் பாருங்கள், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டு, போர்வைமேல் இரண்டு படங்களையும் வைத்தாள். எது பிடித்திருக்கிறது என்றாள். தெருவில் கேட்கும் அதே குரல், அதே சிரிப்பு. அப்பா படங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு பெரிய ஜன்னல் இருந்த படத்தை விரலால் தொட்டார். அப்பாவே சொல்லிவிட்டார் என்று அண்ணனுக்குப் போன் போட்டாள். பாவிக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அடுத்த மாதம் பார்க்கப் போனாள். ஜன்னல் இருந்தது, அப்பாவின் கட்டில் எதிர்மூலையில், கழிப்பறைச் சுவரை ஒட்டிக் கிடந்தது. முதுகெல்லாம் புண். ஈரத்துணியால் ஒற்றியெடுத்தபடி, அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கு ஏம்பா இதைத் தொட்டீங்க?"

அவருக்கு வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"நம்ம வீட்டுப் படத்தை... நீ வைக்கலையேம்மா."