க்ளெட்டஸுக்காக வெர்னா குடித்த பர்பன்

வெர்னா மாட்டிங்லியும் நானும் பார்ட்ஸ்டவுன் பள்ளிச் சமையலறையில் பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். எங்கள் ஊரில் பர்பன் விஸ்கி காய்ச்சிப் பிழைக்காத குடும்பம் குறைவு. ஆனால் வெர்னா வீட்டுக்குள் ஒரு புட்டி நுழைந்ததில்லை. அவள் அப்பா ஒரு ஜனவரி மாதம் குடித்துவிட்டு, கதவைத் திறக்கத் தெம்பில்லாமல் வாசல் பனியிலேயே விறைத்துச் செத்துப்போனவர். அதனால் வீட்டுக்குள் புட்டி வராது என்று க்ளெட்டஸிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அவன் பீப்பாய்க் கிடங்கில் வேலை செய்தவன். சட்டையில் அந்த வாடை ஏறியிருக்கும். அதைப் பின்வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

க்ளெட்டஸுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர் சிகிச்சைக்குப் பிறகு நாக்குக்கு உப்பும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை. வயிற்றில் போட்ட குழாய் வழியாகத்தான் ஆகாரம்.

ஒரு நாள் கேட்டான்: "வெர்னா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளு."

"எனக்காக ஒரு வாய் பர்பன் குடிச்சு, எப்படி இருக்குன்னு சொல்றியா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வாரக் கடைசியில் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மதுக்கடைக்குப் போனாள். கடைக்காரன் ராய்ஸ் சின்ன வயதில் எங்கள் கையால் சாப்பிட்டவன்.

"வெர்னாம்மா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"வாயை மூடிக்கிட்டு ஒண்ணு எடுத்துக் குடு. வெலை கம்மியா இருக்கணும். நல்லதாவும் இருக்கணும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

நான் பளபளப்பான புட்டிகள் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினேன். ராய்ஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"அதெல்லாம் அடுத்தவங்களுக்குக் காட்டிக்க வாங்குறது. இவங்களுக்கு இது போதும்." குனிந்து கீழ்த்தட்டிலிருந்து ஒரு புட்டியை எடுத்தான். "இதுல கோதுமை சேர்த்திருக்கு, காரம் அடங்கியிருக்கும். கொஞ்சமா ஊத்தி, ரெண்டு சொட்டு தண்ணி விட்டுக்கங்க. மூக்கை உள்ள விட்டுடாதீங்க, வாயைத் திறந்து வச்சுக்கிட்டு மோந்து பாருங்க."

அன்று சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெர்னா ஒரு மிடறு குடித்தாள்.

"எரியுது."

"அப்புறம்?"

"அப்புறமும் எரியுது."

க்ளெட்டஸ் சத்தமில்லாமல் சிரித்தான். "அவசரப்படாதே. நாக்குல கொஞ்ச நேரம் வச்சிரு."

அதிலிருந்து தினமும் ஒரு விரற்கடை அளவு ஊற்றிக்கொள்வாள். சமையல்காரி நாக்கு என்பதால் சீக்கிரம் பிடிபட்டது. சர்க்கரைப் பாகு கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அந்த மணம் என்றாள். இன்னொரு நாள், ஓரம் தீய்ந்த பீச் பழப் பணியாரம் என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். விழுங்குகிற மாதிரி தொண்டை அசையும்.

ஒரு நாள் சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன?"

"உன் சட்டை வாசனை. இத்தனை வருஷம் இதையா வெளியவே போட்டுட்டு வரச் சொன்னேன்?"

"மழையில கூட விடலை நீ" என்றான் அவன். அவள் அழ, அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

செப்டம்பரில், நாங்கள் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது க்ளெட்டஸ் போய்விட்டான் என்று செய்தி வந்தது. வீட்டில் செவிலி மட்டும்தான் கூட இருந்திருக்கிறாள். வெர்னா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே காருக்கு நடந்தாள்.

அடக்கம் முடிந்து கிடங்குக்காரர்கள் விலை உயர்ந்த புட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவளுக்கும் ஊற்றினார்கள். அவள் மோந்து பார்த்துவிட்டு, தொடாமல் மேசையில் வைத்துவிட்டாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கும் ஒரு கிளாஸ் வைத்து, அதே மலிவு பர்பனை ஊற்றினாள். அவள் ஒரு வாய் குடித்ததும், ஏதாவது பேச வேண்டுமே என்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அதை மட்டும் நீ கேக்காதே" என்றாள்.

இருவரும் குடித்து முடித்தோம். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன்.