மட்டமாய் வைத்த வளையம்

"ஃபேனை ஆஃப் பண்ணும்மா" என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாருக்குதே! பூமி சுத்துறதப் பாக்க ஃபேன் சுத்தக்கூடாதாம்!"

2005 கோடை. மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், எம்.எஸ்ஸி. இயற்பியலின் கடைசிச் சோதனையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் புதுச்சேரியில் கல்லூரியில் காட்ட வேண்டும். பூமி சுற்றுவது தெரியவில்லையென்றால் நான் ஃபெயில். லேபில் வெயிலும் காற்றும் மாறி மாறி அடித்து, கருவியில் கோடு போடும் பேனா ஓயாமல் ஆடியதால், கெஞ்சிக் கூத்தாடிக் கருவியை பஸ்ஸில் வீட்டுக்கே தூக்கி வந்திருந்தேன்.

கருவி இவ்வளவுதான்: முறம் அகலத்துக்குச் சுற்றிய மெல்லிய கண்ணாடி இழை. லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றை இடமாகவும் மற்றதை வலமாகவும் அதற்குள் ஓடவிட வேண்டும். வளையம் பூமியோடு சேர்ந்து சுழன்றால் ஒன்று துளி முந்தி வரும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெளிச்சம் மாறும். அதை ஒரு பேனா தாளில் கோடாக இழுக்கும். வளையத்தைக் கவிழ்த்து வைத்தால் கோடு எதிர்ப்பக்கம் தாவ வேண்டும்.

எங்கள் வீட்டில் எதையும் மட்டம் பார்க்காமல் வைக்கமாட்டோம். பாத்தி சாய்ந்தால் உப்பும் ஒரு பக்கம்தானே விளையும்? அப்பா தண்ணீர் ட்யூபைப் பிடித்து ஸ்டூலை மட்டமாக்கினார். வளையத்தைத் தட்டுப் போலப் படுக்க வைத்தேன். "ஒரு நூல்கூட சாயல, பாத்துக்கோ" என்றார். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் படத்திலும் அது படுத்துத்தான் இருந்தது.

கவிழ்த்தேன். நிமிர்த்தினேன். பேனாவின் நடுக்கத்தில் எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் வரை இதே கதை. போதாக்குறைக்குக் கரண்ட்டும் போனது.

வெளியே வரப்பில் போய் நின்றேன். இருட்டிவிட்டிருந்தது. வடக்கே, உப்புக் குவியலுக்குச் சற்று மேலே, துருவ நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். இது ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டுக்கொண்டேன். பூமியின் அச்சு அதை நோக்கித்தானே நீண்டிருக்கிறது? ஐயோ, அப்படியென்றால் எங்கள் ஊரில் அச்சு ஏறக்குறையப் படுத்துக் கிடக்கிறது! புத்தகம் எழுதியவரின் குளிர்நாட்டில் அந்த நட்சத்திரம் உயரத்தில் நிற்கும். வளையத்தின் முகம் அச்சைப் பார்த்தால்தான் சுழற்சி தெரியும்; அங்கே வளையம் படுத்திருக்கலாம். இங்கே அது வண்டிச் சக்கரம் போல நிற்க வேண்டும்.

கரண்ட் வந்ததும் உள்ளே ஓடினேன். "அப்பா, மட்டம் வேணாம். நட்டுக்க நிறுத்தணும், மூஞ்சி வடக்கால பாக்கணும்."

"அப்ப இவ்ளோ நேரம் மட்டம் பாத்தது?"

"வீண்தாம்ப்பா."

முறைத்துக்கொண்டே இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நிறுத்திக் கொடுத்தார். பேனா ஒரு கோட்டில் நிலைக்கும்வரை காத்திருந்தோம். பிறகு வளையத்தைத் தெற்கே திருப்பினேன். பேனா கீழே இறங்கியது. மறுபடி வடக்கே திருப்பினேன், மேலே ஏறியது. நான் கத்திய கத்தலில் அம்மா ஓடிவந்து, நேராக ஃபேன் சுவிட்சில் கையை வைத்தாள். முகமெல்லாம் வேர்வை.

"தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சும்மா! வடக்கால பாத்தா மேல, தெக்கால பாத்தா கீழ!"

"அப்ப பாஸா?"

"பாஸ்தாம்மா!"

அம்மா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். மேலே இருந்ததை, கீழே இருந்ததை, மறுபடி மேலே இருந்ததை. சுவிட்சிலிருந்து கையை எடுத்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி திருப்பு, பாக்கலாம்" என்றாள்.