கண்ணாடிக்கடை அக்காவும் மூன்றாவது கோடும்

எங்கள் சங்கத்துக்கு இந்த வருடம் இருபது வயது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். "இப்போ நீங்கதானே தலைவர், பழைய தலைவியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. நல்லதா நாலு வார்த்தை இருந்தா போதும்" என்று மலர்க்குழுவில் இருக்கும் பல் டாக்டர் கேட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அந்த அம்மாளின் கதையை ஒழுங்காக எழுதினால் அது எனக்கு நல்லதாக இருக்காது என்று. இருந்தாலும் எழுதுகிறேன்.

சங்கம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலுக்குள் இறங்கும் முப்பது பேர். தபால்காரர் இருக்கிறார், பல் டாக்டர் இருக்கிறார், லிப்ட் மெக்கானிக்காக நான் இருக்கிறேன். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. பழைய ஐஸ் ஃபேக்டரியின் பின்னறைதான் அலுவலகம். கொடியில் தொங்கும் ரப்பர் உடைகளிலிருந்து வாரம் முழுக்க உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், தரை காய்ந்து நான் பார்த்ததில்லை. கிழிந்து கடலடியில் கிடக்கும் வலைகளை அறுத்து எடுப்போம், பவளப்பாறைகளை வருடா வருடம் எண்ணுவோம். எண்ணி என்ன ஆகப்போகிறது என்று என் மனைவி கேட்காத ஞாயிறு இல்லை.

பழைய தலைவியை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு கண்ணாடிக்கடை. ஜெராக்ஸ் கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில், இரண்டு பேர் நுழைந்தால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டிய அகலம். முன்னால் கண் பரிசோதனை, திரைக்குப் பின்னால் லென்ஸ் தேய்க்கும் மெஷின். முப்பத்தேழு வயது வரை அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் தண்ணீருக்கடியில் போடும் முகக்கண்ணாடியைக் கொண்டுவந்து, அதில் பவர் லென்ஸ் ஒட்டித் தரச் சொல்லியிருக்கிறார். ஒட்டினார். ஒட்டியது தண்ணீருக்குள் சரியாகத் தெரிகிறதா என்று தானே பார்த்தால்தான் பொருளைக் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்து, நீச்சல் கற்றுக்கொண்டு, இறங்கியும் விட்டார். மூன்று மாதம் காத்திருந்த அந்த வாடிக்கையாளர் வெறுத்துப்போய் வேறு கடைக்குப் போய்விட்டார். அக்கா மட்டும் கடலை விட்டுப் போகவில்லை.

"கண்ணாடி பார்க்கப் போனவ, என்னையே மறந்துட்டா" என்பார் அவர் வீட்டுக்காரர். அந்த மனிதருக்குத் தண்ணீரைக் கண்டாலே ஜலதோஷம் பிடிக்கும். படகு திரும்பும்வரை கரையில் குடையை விரித்துக்கொண்டு நிற்பார்.

சங்கத்தைத் தொடங்கிய ஆறு பேரில் அக்கா ஒருவர். இரண்டு விதிகளை ஆள் உயர எழுத்தில் பின்னறைச் சுவரில் அவரே எழுதினார். ஒன்று, யாரும் தனியாக இறங்கக் கூடாது, எப்போதும் ஜோடி. இரண்டு, மேலே வந்ததும் பதிவுப் புத்தகத்தில் நடந்ததை எழுத வேண்டும், கீழே ஜோடியும் கையெழுத்துப் போட வேண்டும். "நீ கண்ணால பாத்தியா? அப்போ போடு. பாக்கலைன்னா போடாதே" என்பார். இரண்டு கையெழுத்து இல்லாத பக்கத்தை அவர் கணக்கில் சேர்க்கவே மாட்டார்.

பதின்மூன்று வருடங்கள் அவருக்கு நான் ஜோடி. லிப்ட் மெக்கானிக் என்பதால் என்னை அவருக்குப் பிடித்துப்போனது. "கயிறு நல்லா இருக்குன்னு தெனமும் கையெழுத்துப் போடுறவன், கண்ணை மூடிக்கிட்டுப் போட மாட்டான்" என்று எல்லோரிடமும் சொல்லுவார். சொன்ன வாய் எப்படியெல்லாம் வலித்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

எண்ணுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். கடலடியில் இரண்டு இரும்பு முளைகள், இடையில் ஐம்பது மீட்டர். அவற்றுக்கு நடுவே டேப்பை இழுத்துக் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு இடம் என்று அதன் அடியில் என்ன இருக்கிறது என்று குறிப்போம். உயிருள்ள பவளமா, செத்ததா, மணலா? வருடா வருடம் அதே முளை, அதே கோடு. அப்படி ஐந்து கோடுகள். மூன்றாவது கோடு கப்பல் கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. துறைமுகக்காரர்கள் முதல் தடவை கால்வாயைத் தோண்டியதிலிருந்து அது செத்துக்கொண்டே வந்தது. நூற்றுக்கு நாற்பது உயிரோடு இருந்தது முப்பதானது, இருபதானது, பன்னிரண்டானது.

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து பிணம் எண்ண யாருக்குப் பிடிக்கும்? ஒவ்வொருவராகக் கழன்றார்கள். முப்பது பேர் பதினொன்றானார்கள். அக்கா ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். குழந்தைக்குப் பரீட்சை, மாமியாருக்கு முட்டிவலி என்று ஆளுக்கொரு சாக்கு.

அந்த வருடம் ஒரு பெரும்புயல் வந்து போனது. அடுத்த வாரம் நானும் அக்காவும் இறங்கிப் பார்த்தால், மூன்றாவது கோட்டின் கடைசி முளையைக் காணவில்லை. புதிதாக அடிக்க வேண்டும். திசைகாட்டியை வைத்துப் பழைய திசையிலேயே ஐம்பது மீட்டர் அளந்து அடிக்க வேண்டியதுதான், நூற்று நாற்பத்தைந்து டிகிரி. அக்கா டேப்பைப் பிடித்துக்கொண்டு நீந்தினார். கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கினார். அங்கே ஒரு மேடு, அதில் மட்டும் பவளம் உயிரோடு இருந்தது. மேட்டுக்கு அந்தப்பக்கம் போய் நின்று, முளையைப் பிடிக்கச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார்.

நான் திசைகாட்டியைப் பார்த்தேன். நூற்று இருபது. உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினேன். ஏதோ சரியில்லை என்று அதற்கு அர்த்தம். அக்கா என்னையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினார், எல்லாம் சரி என்று. நானும் வட்டம் காட்டினேன். முளையைப் பிடித்தேன். அவர் சுத்தியலால் அடித்தார்.

படகில் ஏறியதும், "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"இந்த வருஷமும் பன்னெண்டுன்னு சொன்னா, அடுத்த வருஷம் எண்ண நீயும் நானும்தான் இருப்போம்."

அவர் பதிவுப் புத்தகத்தை எடுத்து, புது முளை, திசை நூற்று இருபது என்று எழுதினார். பொய்யைச் செய்துவிட்டு அதையும் உண்மையாகவே எழுதிவைக்கிற ஆள் அவர். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். பழைய திசை எழுதியிருந்த முதல் பக்கத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடக் கணக்கு நாற்பத்தொன்று. எண்ணிவிட்டு மேலே வந்த தபால்காரர் படகிலேயே குதித்தார். "திரும்ப முளைக்குதுங்க!" என்று கத்தினார். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிரிப்பை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒன்பது வருடங்கள் இப்படியே போயின. போன வருடம் துறைமுகம் கால்வாயை இன்னும் ஆழப்படுத்த அனுமதி கேட்டது. அவர்களுடைய அறிக்கை சங்கத்துக்கும் ஒரு பிரதி வந்தது, தலையணை கனம். அதில் எங்கள் மூன்றாவது கோடு வரைபடமாக இருந்தது. கால்வாய்க்கு அருகிலேயே பவளம் பெருகியிருக்கிறது, எனவே தோண்டுவதால் பாதிப்பில்லை என்று எழுதி, நம்பகமான கணக்கெடுப்புக்காக எங்களுக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். அக்கா அன்றைக்கு மத்தியானமே கடையைச் சாத்திவிட்டார்.

அனுமதி கொடுக்கலாமா என்று ஊராரைக் கேட்கும் பொது விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பின்னறைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை போய்ச் சொல்லிடப் போறேன் தம்பி. முளையை நான்தான் மாத்தி அடிச்சேன்னு."

"நம்ம கணக்கு மொத்தமும் போயிடுமேக்கா."

"போகாது. பதிவுப் பக்கம் இருக்கே. என்னைக்கு, எந்தத் திசை, யார் யார், எல்லாம் இருக்கு. அதைக் காட்டினா மூணாவது கோட்டை மட்டும் தள்ளிடுவாங்க. மத்த நாலு கோடும் குறைஞ்சுக்கிட்டுத்தான் வருது. அந்த நாலு போதும், தோண்டறதை நிறுத்த."

யார் யார் என்ற வார்த்தையிலேயே நான் நின்றுவிட்டேன்.

"அக்கா, அதுல என் பேரும் இருக்கு."

"ஆமா."

"நான் லிப்டுக்குக் கையெழுத்துப் போடுறவன்க்கா. தப்புன்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டவன்னு வெளிய வந்தா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. பொண்ணு இப்போதான் காலேஜ் சேர்ந்திருக்கா. என் பேரு வராம பாத்துக்க முடியுமா?"

கையில் இருந்த முகக்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே அது பளபளவென்றுதான் இருந்தது.

"சரி தம்பி. வராது."

எப்படி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

விசாரணை நடந்த ஹாலில் நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா எழுந்து, முளையை வேண்டுமென்றே மாற்றி அடித்ததாகச் சொன்னார். ஹாலில் ஒரே சலசலப்பு. தபால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி பொறுமையான மனிதர்.

"அதோட பதிவு இருக்காம்மா?"

அக்கா புத்தகத்தைக் கொடுத்தார். அவர் புரட்டினார், நிறுத்தினார், விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கே."

"நான்தான் கிழிச்சேன்."

"கூட யார் இறங்கினாங்க? ஜோடி இல்லாம உங்க சங்கத்துல இறங்கவே மாட்டீங்கன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அன்னைக்கு நான் தனியா இறங்கினேன்."

ஆள் உயர எழுத்தில் அவர் எழுதிய விதி. எனக்காக அதையும் மிதித்துப் போட்டார்.

"பதிவைக் கிழிக்கிறவங்க கணக்கை நான் எதை நம்பி எடுத்துக்கறது? அன்னைக்கு நடந்தது தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்கீங்களா?" என்று அதிகாரி ஹாலைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். என் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி தடதடத்துக்கொண்டிருந்தது. பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக, அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன்.

ஐந்து கோடுகளையும் தள்ளிவிட்டார்கள். நான்கு மாதத்தில் அனுமதி கிடைத்தது, ஆறாவது மாதம் தோண்டும் கப்பல் வந்தது. அந்த மேடு இப்போது சாம்பல் நிறச் சேற்றுக்கு அடியில் இருக்கிறது. கையை விட்டால் முழங்கை வரை போகிறது.

சங்கத்தில் பொதுக்குழு கூட்டினார்கள். முளையை மாற்றியதைக்கூட மன்னித்துவிடலாம், தனியாக இறங்கினாரே, பதிவைக் கிழித்தாரே என்று ஆளாளுக்குக் குமுறினார்கள். அக்காவை நீக்கச் சம்மதமுள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். தூக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள் அல்லவா? கைகளை எண்ணியது அக்காதான், செய்து செய்து பழகிய வேலை. "இருபத்திரெண்டு. எழுதிக்கோங்க" என்றார். என் கையையும் சேர்த்துத்தான் எண்ணினார். அதே கூட்டத்தில், அனுபவசாலி என்று சொல்லி என்னைத் தலைவராக்கினார்கள். வெளியே அவர் வீட்டுக்காரர் குடையோடு நின்றிருந்தார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

அதற்குப் பிறகு பஸ் நிலையப் பக்கம் போக வேண்டியிருந்தால் சுற்றுவழியில்தான் போவேன். போன மாதம் சிறிய எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. வேறு இரண்டு கடைகளில் கண்ணாடி வாங்கிப் பார்த்தேன், தலைவலிதான் மிச்சம். கடைசியில் வெட்கத்தை விட்டு அக்கா கடைக்குப் போனேன். ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, "கீழ் வரியைப் படி" என்றார். இரண்டு நாள் கழித்துக் கண்ணாடி தயாரானது. பெட்டியைத் திறந்தால், துடைக்கும் துணிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

விரிக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதை வச்சிருந்தீங்களாக்கா?"

"அன்னைக்கும் கைப்பைக்குள்ளதான் இருந்துச்சு. கிழிச்சுட்டேன், தூக்கிப் போட மனசு வரலை. நடந்த விஷயம் இல்லையா."

"இப்போ இதை வச்சு என்னக்கா பண்றது?"

"இப்போ ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. புதுக் கண்ணாடியில தெளிவா தெரியுதான்னு படிச்சுப் பாரு."

படித்தேன். தெளிவாகத்தான் தெரிந்தது. அழுதுவிட்டேன். அக்கா எழுந்து திரைக்குப் பின்னால் போய் மெஷினைப் போட்டுக்கொண்டார்.

பல் டாக்டர் அவர்களே, அந்தப் பக்கத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். கிழிந்த ஓரம் தெரியும்படி, இரண்டு கையெழுத்தும் விழும்படி மலரில் அச்சிடுங்கள். லிப்ட் கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். நீங்கள் நல்லதாக நாலு வார்த்தை கேட்டீர்கள். அன்றைக்கு அக்கா தனியாக இறங்கவில்லை.