மடிப்பு விழாத இருபத்தேழு தாள்கள்

என் தங்கைக்கு நாற்பத்தொரு வயது. மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியை. பத்து வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இருந்தாலும் வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். முனைவர் பட்டம் வாங்கிய பிறகாவது இதை நிறுத்துங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். அவள் பேச்சை மதித்து ‘டாக்டர் பாப்பா’ என்று மாற்றிக்கொண்டோம். அது அவளுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அந்தப் பட்டம் வந்த கதையை யாராவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். இருபத்தாறு வருடமாக ஒரு வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பர். நடை அழகாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். எண்ணிக்கை தப்பாது.

தலைமை ஆசிரியர்கள் பள்ளியை நடத்தும் விதத்துக்கும், அங்கே வேலை செய்யும் ஆசிரியர்களின் மனநிறைவுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவளுடைய ஆய்வு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கு இது கடைசிவரை புரியவே இல்லை.

“இதுக்கு ஏழு வருஷமா? ஆசிரியர்கள் ரூம்ல அஞ்சு நிமிஷம் உக்காந்தா தெரிஞ்சிடுமே.”

“அது வம்பு. இது ஆய்வு” என்பாள்.

ஆய்வு முதலில் சாப்பாட்டு மேசையைப் பிடித்தது. பிறகு நாற்காலிகள், பிறகு துணி தேய்க்கும் பலகை. இரண்டு வருடம் அந்தக் குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. உறவுக்காரர் வீட்டு விசேஷம் எது வந்தாலும் ‘இந்த அத்தியாயம் முடியட்டும்’ என்றே பதில் வரும். வீட்டுப்பாடம் எழுதச் சொன்னால், அவள் பெண்ணும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, “முதல் அத்தியாயத்துல இருக்கேன்மா” என்று சொல்லப் பழகிவிட்டாள்.

பதினெட்டுப் பள்ளிகளுக்கு நாற்பது கேள்விகள் கொண்ட வினாத்தாளைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள். பெயர் எழுத வேண்டாம். டிக் போட்டால் போதும். அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை கறாரானவர். “முந்நூத்தி ஐம்பதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் என் வாசலுக்கு வராதே” என்று சொல்லியிருந்தார். வந்து சேர்ந்தவை முந்நூற்று ஐம்பத்திரண்டு. அவற்றைக் கணினியில் ஏற்றி, கணக்குப் போட்டு, அத்தியாயங்களையும் எழுதிவிட்டாள். பதிவுக் காலம் முடிய ஏழு வாரம் பாக்கி. ஏற்கெனவே ஒருமுறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனிக் கிடைக்காது. அதற்குள் கொடுக்காவிட்டால் ஏழு வருட உழைப்பும் வீண்.

மூலத் தாள்களுக்கு வரிசை எண் போட்டுக் கட்டித் தர வேண்டும் என்று பேராசிரியை சொன்னதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டாள். கிடங்கில் பயன்படுத்தும் எண் முத்திரையோடு போனேன்.

தாள்களைப் பார்ப்பதே சுவையாக இருந்தது. எல்லாம் ஆசிரியர்களின் கைப்பையில் வீட்டுக்குப் போய் வந்தவை. நான்காக மடித்தது, எட்டாக மடித்தது, டீக்கறை பட்டது. ஒன்றின் பின்புறம் ஏதோ ஒரு குழந்தை யானைப் படம் வரைந்திருந்தது. பதினோராவது பள்ளிக்கு வந்ததும் என் கை நின்றது.

“பாப்பா, இந்த இருபத்தேழு பேரும் ஒரே பேனாவையா மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டாங்க?”

“மேசையில ஒரு பச்சைப் பேனா கிடந்திருக்கும். நீ நம்பரை மட்டும் போடு.”

“டிக்கோட வாலெல்லாம் ஒரே மாதிரி சுழிச்சிருக்கே.”

“அண்ணா, உன்னை எண்ணத்தான் கூப்பிட்டேன். துப்பறியவா கூப்பிட்டேன்?”

“ஒண்ணுல கூட மடிப்பு இல்ல பாரு. இது எந்தப் பைக்குள்ளயும் போகாத தாள். ஒரே மேசையில பொறந்து அப்படியே எந்திரிச்சு வந்திருக்கு.”

பாப்பா தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பத்தாவது தாளுக்கு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பள்ளியில்தான் எல்லோரும் எல்லாக் கேள்விக்கும் ‘மிகவும் திருப்தி’ என்று போட்டிருந்தார்கள். அதை முன்மாதிரிப் பள்ளி என்று புகழ்ந்து ஐந்தாம் அத்தியாயத்தில் பதினான்கு பக்கம் எழுதியிருந்தாள்.

“ஏழு வாரம்தான் இருக்கு. இதெல்லாம் யாருக்கும் தெரியப் போறதில்ல” என்றாள்.

நான் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“ஏதாவது சொல்லேன்.”

“நான் என்ன சொல்ல? அடுத்த நம்பரை எந்தத் தாள்ல போடணும்னு நீதான் சொல்லணும்.”

பாப்பா தாள்களைச் சேர்த்துத் தட்டி அடுக்கினாள். பிறகு அந்த இருபத்தேழையும் ஒரு பழைய உறையில் போட்டு என்னிடம் நீட்டினாள். “அடுத்த பள்ளிக்கூடத்துத் தாள்ல போடு.”

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மாப்பிள்ளை, “மச்சான், உங்களுக்கு இன்னைக்கு லீவே கிடைச்சிருக்கக் கூடாது” என்றார்.

மறுநாள் அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியரைப் போய்ப் பார்த்தாள். அவர் கொஞ்சமும் ஒளிக்கவில்லையாம். “அவங்களுக்கே ஆயிரம் வேலை. நாற்பது கேள்வியை வேற எதுக்குத் தலையில கட்டணும்னு நானே போட்டுட்டேன். என் ஆசிரியர்கள் மனசு எனக்குத் தெரியாதாம்மா?” என்று கேட்டு, சிரித்துக்கொண்டே டீயும் வரவழைத்தாராம். டீயைக் குடித்துவிட்டு வந்ததாகப் பாப்பா சொன்னாள். கோபத்திலும் டீயை வீணாக்காதவள் என் தங்கை.

அந்த வாரம் மூன்று நாள், மாலையில் அந்தப் பள்ளிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றோம். அவள் தாளோடு, நான் ஒரு கட்டுப் பேனாவோடு. வீட்டுக்குப் போக நின்ற ஆசிரியர்களிடம் அவளே விஷயத்தைச் சொல்லி, விருப்பம் இருந்தால் மட்டும் நிரப்புங்கள் என்றாள்.

“எங்களுக்கும் கருத்து இருக்குன்னு ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களே!” என்றார் ஒருவர்.

“பேர் எழுத வேண்டாமே?” என்று கேட்டார் ஓர் ஆசிரியை.

“வேண்டாம்.”

“அப்ப ரெண்டு தாள் குடுங்க. ஒண்ணுல பத்தாது.”

ஒன்றுதான் கொடுத்தாள். ஒருவர் முதுகில் ஒருவர் தாளை வைத்து எழுதினார்கள். ஓர் ஓவிய ஆசிரியர் முப்பத்தெட்டாவது கேள்வியில் இருந்தபோது அவருடைய பஸ் போய்விட்டது. கையைக் காட்டி நிறுத்தக்கூட இல்லை. இருபத்தாறு தாள்கள் கிடைத்தன. மீதியிருந்த முந்நூற்று இருபத்தைந்தும் இந்த இருபத்தாறும் முந்நூற்று ஐம்பத்தொன்று. இருபத்தேழாவது ஆசிரியர் யார் என்று விசாரித்ததில், அவர் முந்தைய வருடமே வேலையை விட்டுப் போயிருந்தார். அவருடைய மனநிறைவையும் தலைமை ஆசிரியரே சேர்த்து நிரப்பியிருக்கிறார்.

கணக்கை மறுபடி போட்டதும் முன்மாதிரிப் பள்ளி பதினெட்டாவது இடத்துக்குப் போனது. பதினான்கு பக்கமும் போயிற்று. பேராசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முந்நூத்தி ஐம்பதுக்கு மேல ஒண்ணு இருக்கில்ல? போய் எழுது” என்றாராம். எழுதினாள். மாப்பிள்ளை கடையை மதியத்தோடு மூடிவிட்டுச் சமைத்தார். சமையலைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வுக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டார். “இருபத்தேழு தாளை நீக்கினதா எழுதியிருக்கீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“ஒரே மை, ஒரே கை ஐயா. அதோட, ஒரு தாள்ல கூட மடிப்பு இல்ல.”

“இந்த முறைக்கு எந்த நூலை ஆதாரமாக் காட்டுறீங்க?”

‘நல்லா இருக்கியா’ என்று கேட்டால்கூட மூன்று நூலை ஆதாரம் காட்டுகிறவள் அவள். அன்றைக்குக் கையிலிருந்த குறிப்புகளை மூடிவைத்தாள்.

“நூல் இல்ல ஐயா. என் அண்ணன் கிடங்குல சரக்கு சரிபார்க்கிறவர். அவர்தான் பார்த்தார். அடிக்குறிப்புல இருக்கு.”

தேர்வாளர் பக்கத்தைத் திருப்பினார், படித்தார், தலையை நிமிர்த்தி என்னைத் தேடினார். அறையே திரும்பியது. நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் அவளை டாக்டர் என்று அறிவித்தார்கள்.

வெளியே வந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். கண்ணெல்லாம் ஈரம். “இப்ப சந்தோஷமா அண்ணா?”

“ரொம்ப. உன் ஆய்வேடு முழுசையும் ரெண்டு தரம் சரிபார்த்துட்டேன் பாப்பா. இருநூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் இருநூத்திப் பன்னிரண்டு வருது.”

“அண்ணா!”