ஒரு நட்டில் அரைச் சுற்று

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் இப்போது யாரும் இல்லை. தொழில் வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் சைலன்சர். காரின் புகைக்குழாய் வேலையை மட்டுமே செய்கிறவர் என்பதால் வந்த பெயர் என்று பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து பார்த்தால் இன்னொரு காரணமும் புரிந்துவிடும். கேட்டதற்கு மட்டும் பதில் வரும், அதுவும் பாதிதான் வரும்.

வயது ஐம்பத்திரண்டு. கீழே பட்டறை, மேலே ஓர் அறை, நடுவே பதினாலு படி. அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முடித்துவிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரில் யாரும் இல்லாதது தெரிந்துவிடுமே. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை, ஆனால் அந்த நாளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது. இறங்கி வந்து, ஏற்கெனவே வரிசையாக இருக்கிற ஸ்பேனர்களை மறுபடியும் வரிசையாக அடுக்குவார். யார் கேட்டாலும், தனியாக இருப்பதுதான் நிம்மதி என்பார். சுத்தப் பொய். தனிமை அவருக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை.

வேலையில் மட்டும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அதிலும் டர்போ வைத்த வண்டி என்றால் மற்ற பட்டறைக்காரர்கள் நமக்கெதற்கு வம்பு என்று இவரிடம் அனுப்பிவிடுவார்கள். சாதாரண வண்டியில் புகை நேரே பின்பக்கம் போய்விடும். டர்போ வண்டியில், வெளியே போகிற புகை போகிற போக்கில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போக வேண்டும். அந்தச் சக்கரத்தின் பலத்தில்தான் இன்ஜினுக்குள் கூடுதல் காற்று திணிக்கப்படுகிறது. அதனால் அந்தப் பக்கத்து இரும்பெல்லாம் தணலாய்க் காயும், ஆறும், மறுபடி காயும். சில வருடங்களில் நட்டும் போல்ட்டும் ஒன்றோடொன்று இறுகிப்போய், தலைகீழாக நின்றாலும் பிரியமாட்டோம் என்று அடம் பிடிக்கும். அவசரக்காரன் கை வைத்தால் பாதியில் முறிந்துபோகும். சைலன்சருக்கு என்ன அவசரம்? அவருக்காக யார் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள்?

ஆனால் காலை ஏழு ஐம்பதுக்கு, எந்த வேலையில் இருந்தாலும் கையை நிறுத்திவிடுவார். அந்த நேரத்துக்கு ஒரு கார் பட்டறை வாசலைக் கடந்து போகும். தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் அதிலிருந்து வரும். இன்ஜினிலிருந்து புகையை வாங்கி டர்போவிடம் கொடுக்கிற வார்ப்பிரும்புக் குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். அதில் விரிசல் விட்டிருக்கிறது என்று முதல் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜின் சூடானால் இரும்பு விரிந்து விரிசல் மூடிக்கொள்ளும், சத்தமும் நின்றுவிடும். ஆனால் அந்தக் கார் மூன்று தெரு தள்ளித்தான் கிளம்புகிறது. இவர் வாசலுக்கு வரும்போது அது இன்னும் சூடாகியிருக்காது. அதை ஓட்டுகிறவள் அவருடைய தங்கை.

சத்தம் தெருமுனை தாண்டியதும் அவர் மறுபடி ஸ்பேனரை எடுப்பார். நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஒரு நாளைக்கு அவருக்கு அந்தச் சேதி போதும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சத்தம் வராவிட்டால், காய்ச்சலோ என்னவோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். சாயங்காலம் ஆணி வாங்கப் போகிறவரைப் போல அந்தத் தெருப்பக்கம் போய், வீட்டையும் காரையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வருவார். அந்தத் தெருவில் ஆணி விற்கிற கடையே கிடையாது.

அண்ணனும் தங்கையும் பேசி ஆறு வருடம் ஆகிறது. அவள் இவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் அவளுக்குத் தலை பின்னிவிட்டது முதல் படிக்கவைத்தது வரை எல்லாம் இவர்தான். பிறகு அவள் ஒருவரைக் கூட்டிவந்து, இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். வந்த மனிதர் நல்லவர்தான், தன் காரின் பானட்டைத் திறக்கத் தெரியாமல் திணறியது ஒன்றுதான் குறை. பட்டறையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சைலன்சர், “ஒரு பானட்டைத் திறக்கத் தெரியாதவன் உன்னை என்னத்தக் காப்பாத்தப் போறான்” என்று சொல்லிவிட்டார். பேசாதவர்கள் பேசினால் இப்படித்தான், மொத்தமாகக் கொட்டிவிடுவார்கள். அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். வீம்பு விடவில்லை. கல்யாணத்தன்று பட்டறையைத் திறந்துவைத்து, யாருடைய காருக்கோ அடியில் படுத்துக் கிடந்தார். அதற்கப்புறம் அவள் இவர் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவள் மேல் தப்பே இல்லை என்பது இவருக்கே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை அந்தக் கார் வாசலோடு போகாமல் பட்டறைக்குள்ளேயே வந்து நின்றது. ஓட்டிவந்தது தங்கை அல்ல, அவள் புருஷன்.

“மச்சான், கோபத்தை அப்புறமா வச்சுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். “வண்டி இழுக்கவே மாட்டேங்குது. டர்போன்னதும் நாலு பேரு கையை விரிச்சுட்டாங்க. நாலு பேருமே உங்ககிட்டதான் போகச் சொன்னாங்க.”

சைலன்சர் காரைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. “அவளுக்குத் தெரியுமா?”

“பட்டறையில விடுறேன்னு சொல்லியிருக்கேன். எந்தப் பட்டறைன்னு அவ கேக்கல, நானும் சொல்லல.” அவர் காருக்குள் கையை விட்டு எதையோ இழுத்தார். பானட் தூக்கிக்கொண்டது. “பாத்தீங்களா, நானே திறந்துட்டேன்.”

தன் ஆறு வருடத்தைத் தின்ற பேச்சை இந்த மனிதர் சிரிப்பாக எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறாரே என்று சைலன்சருக்குச் சுருக்கென்றது. “நாளைக்கு சாயங்காலம் வாங்க” என்று மட்டும் சொன்னார்.

பின்சீட்டில் குழந்தையை உட்காரவைக்கிற சின்ன இருக்கை ஒன்று பட்டை போட்டுக் கட்டப்பட்டிருந்தது. அதன் மடிப்புகளில் பிஸ்கட் தூள் கிடந்தது. தங்கைக்குப் பெண் குழந்தை, இரண்டு வயது என்று கேள்விப்பட்டிருக்கிறார். பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேலையில் இறங்கினார்.

வெப்பம் தடுக்கிற தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு நட்டுக்கும் துருவை இளக்குகிற எண்ணெய் விட்டு ஊறப்போட்டார். மறுநாள் காலை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி, ஆறவிட்டு, கால் சுற்றுத் திருப்பி, கால் சுற்றுப் பின்வாங்கி, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு கழற்றினார். ஒன்றுகூட முறியவில்லை. பழைய மேனிஃபோல்டில் விரிசல் ஒரு விரல் நீளம் இருந்தது. இத்தனை நாள் தனக்குச் சேதி சொன்ன வாய் இதுதானா என்று தடவிப்பார்த்தார். புதியதை மாட்டினார், புகை கசியாமல் இடையில் வைக்கிற கேஸ்கெட்டுகளையும் மாற்றினார். டர்போவிலிருந்து கீழே இறங்குகிற குழாயும் அரித்துப்போயிருந்ததால் அதையும் மாற்றி, டர்போவையும் குழாயையும் சேர்த்துப் பிடிக்கிற வளையமான கிளாம்ப்பைப் போட்டு முடுக்கினார். சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை. கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டிப் பார்த்தார், ஓரிடத்திலும் புகை கசியவில்லை. வேலை அவ்வளவு சுத்தம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திங்கட்கிழமை ஏழு ஐம்பதுக்கு இந்தக் கார் வாசலைத் தாண்டிப் போகும், தனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமையும் தெரியாது. தெருவில் போகிற நூறு கார்களில் அதுவும் ஒன்றாகிவிடும். வாசலில் போய் நின்று பார்க்கலாமே என்றால், அவள் பார்த்துவிட்டு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டால்? யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டார். யாரும் இல்லை.

கிளாம்ப்பின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினார். ‘புஸ் புஸ்’ என்று மெல்லிசாக ஒரு சத்தம் கிளம்பியது. தெருவில் போகிறவனுக்குக் கேட்காது, இவருக்குக் கேட்கும். வெளிக்காற்றில் கலந்துவிடும், ஒன்றும் ஆகாது, இத்தனை நாள் விரிசலோடு ஓடவில்லையா என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இன்னொருவன் இப்படி ஒரு வேலை செய்திருந்தால் அவனைக் கிழிகிழியென்று கிழித்திருப்பார். சாயங்காலம் தங்கை புருஷன் வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது, வாசலில் நின்று தெருமுனைவரை அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“மச்சான், வண்டி பறக்குது” என்றார் தங்கை புருஷன். “நேத்தே அவகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன், உங்க அண்ணன்தான் பாத்தாருன்னு.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு. இத்தனை மாசமா புகை நாத்தம்னு கண்ணாடியை இறக்கி விட்டுத்தான் ஓட்டுவா. நேத்து நீங்க பாத்ததுன்னு தெரிஞ்சதும் நாலு கண்ணாடியையும் ஏத்தி ஏசியைப் போட்டுட்டா. இப்ப எங்க அம்மாவைப் பாக்கக் கிளம்பிட்டிருக்கோம், அஞ்சு மணி நேர ஓட்டம். குட்டி பின்னாடி நல்லாத் தூங்கிருவா.”

ஏசி இழுக்கிற காற்றோடு அந்தப் புகை மூடிய காருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சைலன்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

“மாப்பிள்ளை” என்றார். அந்த மனிதரை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. நான் வரேன்.”

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினார். மூன்று தெருவும் அன்றைக்கு முப்பது தெருவாகத் தெரிந்தது. மூச்சிரைக்கப் போய் நின்றபோது தங்கை காருக்குப் பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே லேசாகக் கருத்திருந்தது, முடியில் ஒன்றிரண்டு வெள்ளை. ஆறு வருடத்தில் அவளுக்கும் வயதாகும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

“என்ன?” என்றாள்.

அவர் பானட்டைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, அந்த நட்டை இறுக முடுக்கினார். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, காதை வைத்துக் கேட்டு, கையைக் காட்டிப் பார்த்தார். பிறகுதான் மூச்சு வந்தது.

தங்கை புருஷன் சிரித்தார். “என்ன மச்சான், நட்டை முடுக்க மறந்துட்டீங்களா? உங்களுக்கே வயசாயிருச்சா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். தொழிலில் கொஞ்சம் பெயர் கெடும், அவ்வளவுதான். ஆனால் தங்கை இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவரு மறக்க மாட்டாரு” என்றாள் புருஷனிடம். “என் சைக்கிள்ல பெல்லு லூசா இருந்தாக்கூட, படுத்தவரு எந்திரிச்சு வந்து முடுக்கிட்டுப் போவாரு.”

சைலன்சர் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “மறக்கல. வேணும்னுதான் விட்டேன்.”

குழந்தை அவருடைய எண்ணெய்க் கையைக் காட்டி என்னவோ சொன்னது.

“வண்டி சத்தமில்லாம போயிருச்சு. அப்புறம் நீ போறது எனக்கு எப்படித் தெரியும்? தினமும் ஏழு அம்பதுக்கு அந்த டிக் டிக் சத்தத்தைக் கேட்டுத்தான் நீ நல்லா இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன். கொஞ்சூண்டு சத்தம் வரட்டும்னு விட்டேன். நீ கண்ணாடியை ஏத்துவேன்னு நினைக்கல.”

அவள் குழந்தையை அவர் பக்கத்திலிருந்து மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள். “இவ தூங்குற வண்டி” என்றாள். “சீட்டைப் பாத்தல்ல?”

“பாத்தேன்.”

“பாத்துட்டும் செஞ்சிருக்க.”

“ஆமா.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கோபத்திலா வேறெதிலா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“சத்தம் கேக்கணும்னா ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?” என்றாள். “என் நம்பரை நான் மாத்தவே இல்லையே.”

அந்த எண் அவருக்கு மனப்பாடம். ஆறு வருடமாக ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

அவர்கள் கிளம்பினார்கள். கார் சத்தமில்லாமல் தெருவில் இறங்கிப் போனது. நாலு கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. தன் வேலையை ஒருவர் நம்பாமல் போவதை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பட்டறைக்கு நடந்து வந்து, அன்றைக்கு முழுவதும் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கள், செவ்வாய் கழிந்தன. அவர்கள் ஊரிலிருந்து திரும்பிவிட்டார்களா என்று தெரியவில்லை. புதன்கிழமை காலை அவர் ஒரு வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். ஏழு நாற்பத்தைந்துக்கு வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்து, போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்தார். ஏழு ஐம்பதாயிற்று. எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று வைக்கப்போன நேரத்தில் எடுத்தாள்.

“சொல்லு” என்றாள்.

சொல்ல என்ன இருக்கிறது? ஆறு வருடம் யோசித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. “வண்டி எப்படி ஓடுது?” என்றார்.

“ஓடுது.”

வைத்துவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

“இப்பதான் உன் பட்டறையைத் தாண்டுனேன்” என்றாள்.