முன்கூட்டியே எழுதிய நான்கு மணி

“இரவு 2.00. பதினொரு பேர். அனைவரும் உறக்கம்.
இரவு 4.00. பதினொரு பேர். அனைவரும் உறக்கம்.”

எங்கள் இல்லத்தின் இரவுப் பதிவேட்டில் என் கையெழுத்தில் இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டாவது வரியின் மேல் ஒரு கோடு. கடந்த சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு புதன்கிழமையாகிக் கொண்டிருந்த நேரம். தேதியைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சிரமம்தான். சொன்னால் இதில் வரும் பெண் யாரென்று தெரிந்துவிடக்கூடும்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் உள்ளே நடந்தால் எங்கள் இல்லம். அடிபட்டும் பயந்தும், வீட்டில் இருக்க வழியில்லாமல் வந்த பெண் பிள்ளைகள் அங்கே தங்குகிறார்கள். நானும் இன்னொரு பெண்மணியும் வாரம் மாற்றி இரவுப் பணி பார்ப்போம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துத் தலைகளை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். வீட்டிலேயே மழை பெய்த நாள், படித்து முடித்த புத்தகம், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி என்று எல்லாவற்றுக்கும் நோட்டு போடுகிறவள் நான். இல்லத்தில் எனக்குப் பட்டப்பெயர் ‘கல்வெட்டு’. நடக்காததை ஒரு வரிகூட எழுதியதில்லை என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் உண்டு.

அன்று எங்கள் பிள்ளைகளில் சின்னவளுக்குக் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இரண்டு மணிக்கு எண்ணி முடித்ததும், நான்கு மணிக்கு எழுந்து போக முடியுமோ முடியாதோ என்று அந்த வரியையும் சேர்த்தே எழுதிவிட்டேன். பேனா கையில் இருந்தது, எழுதினேன், அவ்வளவுதான். பிறகு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததைப் பார்த்து, மோட்டார் போடப் பின்பக்கக் கதவைத் திறந்தேன். உள்ளே சின்னவள் அழும் சத்தம் கேட்டது. ஓடி வந்ததில் கதவைப் பூட்டவில்லை.

மூன்று மணிக்குச் சற்று முன் சின்னவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, “அக்கா எங்க மிஸ்?” என்றாள். பக்கத்துக் கட்டிலில் போர்வை மட்டும் இருந்தது.

அந்தக் கட்டில்காரிக்குப் பதினைந்து வயது. ஒரு பஞ்சாலையின் விடுதியிலிருந்து மீட்கப்பட்டு எங்களிடம் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், மேற்கொண்டு பேசமாட்டாள். குஜிலியம்பாறைப் பக்கம் சித்தி வீட்டில் இருக்கும் தங்கை ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும்போது மட்டும் அவள் சிரித்துப் பார்த்திருக்கிறேன்.

கழிப்பறை, சமையலறை, மொட்டை மாடி. எங்கும் இல்லை. ஒரு பெரிய பெண்ணை எழுப்பிச் சின்னவளிடம் உட்கார வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். வாட்ச்மேன் அண்ணன் விழித்துத்தான் இருந்தார். “இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா போகலம்மா” என்று அவர் சொன்ன பிறகுதான் பின்கதவு நினைவுக்கு வந்தது.

இல்லத்துக்குப் பின்னால் ஒரு தோட்டம். அதில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று உண்டு. கிணற்றோரம் மண்டியிட்டு டார்ச் அடித்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அசையாமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து என் குரல்தான் திரும்பி வந்தது.

எழுந்து நின்றபோது, தோட்டத்துக்கு அப்பால் மல்லிகைக் காட்டில் ஏழெட்டு வெளிச்சப் புள்ளிகள் தாழ்வாக நகர்வதைக் கண்டேன். பூப்பறிக்கும் பெண்கள். விடிவதற்குள் மொட்டைப் பறித்து மார்க்கெட் வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதால், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்த நேரத்திலேயே இறங்கிவிடுவார்கள். நான் வரப்பில் விழுந்தடித்து ஓடுவதைப் பார்த்து ஒருத்தி குரல் கொடுத்தாள்.

“ஏத்தா, யாரு அது? பாத்து வா, பள்ளமாக் கெடக்கு!”

“ஒரு பொம்பளப் புள்ள வந்துச்சா?”

“அந்தா நிக்குதுல்ல. நல்ல புள்ளய வளத்து வச்சிருக்கீக. யாரு எவருன்னு கேட்டா வாயத் தெறக்கல. ரெண்டு செடிய முடிச்சிருச்சு.”

“வாயி இல்லாட்டி என்ன, கை இருக்குல்ல. ஒனக்கு வாயி மட்டுந்தான் இருக்கு” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் ஒரு பெண்ணின் தலை வெளிச்சத்தை ஒட்டி நின்று, துப்பட்டாவை மடியாகக் கட்டிப் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. மடியில் இருந்ததை அந்தப் பெண்ணின் கூடையில் கொட்டிவிட்டு, என் பின்னால் நடந்து வந்தாள். பாதி வழியில்தான் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று.

“தூக்கம் வரல மிஸ். ஜன்னல்ல அந்த லைட்டு தெரியும். தெனமும் பாப்பேன்.”

“தெனமுமா? நான் எண்ண வரும்போதெல்லாம் தூங்கிக்கிட்டுத்தான இருந்த?”

“தூங்குன மாரி கெடப்பேன். நீங்க மூஞ்சில லைட்டு அடிப்பீகல்ல. அங்கயும் ராத்திரி அப்பிடித்தான் வருவாக. யாரு மூஞ்சில லைட்டு விழுதோ அவ எந்திரிச்சு மில்லுக்குள்ள போகணும். பகல் பூரா வேல செஞ்சிருந்தாலும் போகணும். அதான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு கெடப்பேன்.” கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளே சொன்னாள்: “இவுக லைட்டு பூவுலதான் விழுது. ஆளு மேல அடிக்கல.”

இல்லத்துக்குள் நுழைந்தபோது மணி 3.50. நான்கு மணிக்கு எண்ணினேன். டார்ச் அடிக்கவில்லை, வராந்தா விளக்கின் வெளிச்சத்தில் எண்ணினேன். பதினொரு பேர். நான் முன்கூட்டியே எழுதியிருந்த எண் சரியாகிவிட்டது.

வாட்ச்மேன் அண்ணன் கதவருகே நின்று மெல்லச் சொன்னார். “கணக்கு சரியாத்தானம்மா இருக்கு. புள்ளையும் வந்துருச்சு. எதுக்கு வம்பு?”

அவளும் கட்டிலில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தாள். “எழுதாதீங்க மிஸ். எழுதுனா வேற ஊருக்கு அனுப்பிருவாக. தங்கச்சி வந்து தேடுவா.”

அது வெறும் பயமல்ல. இரவில் வெளியே போன ஒரு பெண் முன்பு ஒருமுறை வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறாள். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், அந்த வரி எல்லோரையும் காப்பாற்றிவிடும். அவளையும், என்னையும். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் புரட்டினேன். அவள் வந்த பிறகு நான் இரவுப் பணி பார்த்தவை பத்தொன்பது இரவுகள். எல்லாவற்றிலும் ‘அனைவரும் உறக்கம்’. நேர்மையாக எழுதியதாக நான் நினைத்த வரிகள். அவற்றை நம்பித்தான் பகலில் வரும் ஆலோசகர், “இந்தப் பெண்ணுக்குத் தூக்கம் பிரச்சினையில்லை” என்று குறித்திருந்தார். ஆறு வாரமாகத் தூங்காத ஒரு பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இன்றும் மறைத்தால் அந்தச் சாட்சி நிலைத்துவிடும். எழுதினால் தங்கையை இழந்துவிடுவாள். ஹாலுக்கும் வராந்தாவுக்கும் இடையே எத்தனை முறை நடந்தேன் என்று எண்ணவில்லை.

ஐந்து மணிக்கு எழுதினேன். நான்கு மணி வரியை, படிக்கும்படியாகவே ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். கீழே: “மேற்கண்ட வரி இரண்டு மணிக்கே எழுதப்பட்டது, என் தவறு. பின்கதவை நான் பூட்டவில்லை. ஒரு பிள்ளை பக்கத்துக் காட்டில் பூப்பறிப்பவர்களுடன் இருந்தாள். நான் கூப்பிட்டதும் உடன் வந்தாள். இல்லத்துக்கு வந்த நாளிலிருந்து இரவில் உறங்கவில்லை என்கிறாள். முகத்தில் டார்ச் அடிப்பதற்கு அஞ்சுகிறாள். முந்தைய பதிவுகளில் இவளைப் பற்றி ‘உறக்கம்’ என்று நான் எழுதியதை நம்ப வேண்டாம்.”

அவள் எட்டிப் பார்த்தாள். “எழுதிப்புட்டீங்கல்ல” என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் கண்காணிப்பாளர் அம்மா படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “மூணு மணிக்கே எனக்குப் போன் பண்ணியிருக்கணும். அதப் பண்ணல. இத மட்டும் ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்க. கல்வெட்டுன்னு பேரு வச்சது சரியாத்தான் இருக்கு.” அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கு மெமோ கொடுத்தார்கள், ஒரு மாதம் பகல் பணிக்கு மாற்றினார்கள். விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போனது. அங்கே ஓர் உறுப்பினர் என் கடைசி மூன்று வாக்கியங்களை இரண்டு முறை படித்தார் என்று கண்காணிப்பாளர் அம்மா பிறகு சொன்னார். அவளை எங்கும் அனுப்பவில்லை. மருத்துவரிடம் காட்டச் சொன்னார்கள். இல்லத்தில் டார்ச் அடிப்பதை நிறுத்தி ஹாலில் ஜீரோ வாட்ஸ் விளக்கு போட்டோம். பின்கதவுக்கு இரண்டு பூட்டு வந்தது. முடிவு தெரிந்த பிறகும் அவள் என்னிடம் பேசவில்லை. பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள், “மிஸ், ஊக்கு இருக்கா?” என்று கேட்டாள். கொடுத்தேன்.

மறுபடி இரவுப் பணிக்கு வந்ததிலிருந்து நான் ‘உறக்கம்’ என்று எழுதுவதில்லை. ‘கண்மூடிப் படுத்திருக்கிறார்கள்’ என்று எழுதுகிறேன். எனக்குத் தெரிவது அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பூப்பறிக்கும் பெண்களில் ஒருவரைப் பார்த்தேன். “அந்தப் புள்ள இப்ப வர்றதில்லயே? முந்தி நாலஞ்சு தடவ வந்துச்சு. செத்த நேரம் நிக்கும், போயிரும்” என்றார். கூட இருந்தவர், “அது பக்கத்து ஊர்ப் புள்ளடி, இது வேற” என்று மறுத்தார். என் சக பணியாளரிடம் கேட்டேன். தன் வாரங்களில் கதவு எப்போதும் பூட்டியே இருந்தது என்கிறார். என் வாரங்களில் நான் பூட்டினேன் என்றுதான் நானும் நம்புகிறேன். அவள் முன்பும் போனாளா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. போயிருந்தால், யாரும் தேடிப் போகாமல் ஒவ்வொரு முறையும் அவளாகவே திரும்பி வந்து அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறாள். எதையும் சரிபார்க்காமல் விடாத நான், இதை மட்டும் அவளிடம் கேட்கப் போவதில்லை.